மெரிக்வில்லுக்கு ஒருநாள்: ஒரு படகு மேலேறி முடியும்வரை நில்லுங்கள்

கேள்வி இதுதான்: கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கப்போகும் குடும்பம். வயதான பெற்றோர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். ரிடோ ஆற்றங்கரையில் மெரிக்வில் என்ற பழைய ஊர் அழகாக இருக்கும், அங்கே பழங்கால லாக்குகள் உள்ளன என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே கடைத்தெருவைத் தவிர என்ன இருக்கிறது, அந்த லாக் என்பது என்ன, ஒட்டாவா நகரத்துக்குள்ளேயே எட்டு லாக்குகள் இருக்கும்போது இவ்வளவு தூரம் போகவேண்டுமா, அருகிலுள்ள ஸ்மித்ஸ் ஃபால்ஸையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம், கட்டாயம் போகலாம். லாக் என்பது இருமுனையிலும் கதவுள்ள ஒரு கல்தொட்டி; உள்ளே நீரை ஏற்றியோ இறக்கியோ, படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊருக்குப் போகிறவர்களில் பலர் லாக்கின் ஓரத்தில் நின்று நான்கு படம் எடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் கடையைத் தேடிப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரே ஒரு படகு கீழிருந்து மேலே ஏறி வெளியேறும்வரை முழுவதுமாக நின்று பாருங்கள். அதைப் பார்த்துவிட்டால் அணை எதற்கு, ஆலைகள் எதற்கு, கோட்டை எதற்கு, ஊர் எதற்கு என்று எல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஒட்டாவா நாடாளுமன்றத்தின் அடிவாரத்தில் உள்ள எட்டு லாக்குகளும் பிரமாதமானவைதான். ஏறத்தாழ 24 மீட்டர் உயரத்தைப் படிப்படியாக ஏறுகின்றன. ஆனால் அங்கே நீங்கள் பார்ப்பது மாடிப்படி போன்ற கட்டுமானத்தை மட்டுமே. கூட்டமும் அதிகம், பெற்றோருக்கு ஏற்ற இறக்கமும் அதிகம். ஆற்றுக்கும் லாக்குக்கும் உள்ள உறவு அங்கே கண்ணில் படாது. மெரிக்வில்லில் ஆறு பாறையில் விழும் இடம், அதைத் தடுத்துத் திருப்பிய அணை, அந்த வீழ்ச்சியின் பலத்தில் ஓடிய ஆலைகளின் இடிபாடு, வீழ்ச்சியைச் சுற்றிக்கொண்டு படகு ஏறும் மூன்று லாக்குகள், அவற்றைக் காக்க எழுப்பிய கோட்டை, இவற்றால் பிழைத்த ஊர் என எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. இவ்வளவு சிறிய இடத்தில் முழுக்கதையும் தெரியும் இன்னொரு ஊர் ரிடோ கால்வாய் வழியில் எனக்குத் தெரிந்து இல்லை.

கொஞ்சம் பின்னணி தெரிந்திருந்தால் பார்ப்பது இனிக்கும். 1812இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. மாண்ட்ரியலிலிருந்து கிங்ஸ்டனுக்குப் படையும் சரக்கும் போவதற்கு செயின்ட் லாரன்ஸ் ஆறு ஒன்றே வழி. அதன் மறுகரையோ அமெரிக்காவின் கையில். போர் முடிந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. எல்லையை விட்டு விலகி உள்நாட்டுக்குள் ஒரு நீர்வழி வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவின் லெப்டினன்ட் கர்னல் ஜான் பை 1826இல் அந்தப் பொறுப்போடு வந்திறங்கினார். 1832இல், ஒட்டாவா முதல் கிங்ஸ்டன் வரை ரிடோ கால்வாய் என்ற 202 கிலோமீட்டர் வழி திறந்தது.

இந்த 202 கிலோமீட்டரில் மனிதர் தோண்டிய வாய்க்கால் ஏறத்தாழ 19 கிலோமீட்டர்தான். மீதியெல்லாம் ஆறும் ஏரியும். ஜான் பையின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. பாறையும் சுழலும் நிறைந்த ஆற்றின் ஓரமாகப் புது வாய்க்கால் வெட்டிக்கொண்டே போவதை விட, ஆங்காங்கே அணை கட்டி நீரை உயர்த்தி, அந்தப் பாறைகளையே மூழ்கடித்துவிட்டார். குதித்தோடிய ஆறு, அணைக்கு அணை அசையாமல் நிற்கும் நீண்ட குளங்களாக மாறியது. ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்குப் படகை ஏற்றவும் இறக்கவும் அணையின் பக்கத்தில் லாக் வைத்தார். அப்படி மூழ்கிய கரைகளில் அல்காங்க்வின் பூர்வகுடி மக்களின் நிலங்களும் இருந்தன என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

லாக்கின் அளவைப் பற்றியும் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. லண்டனில் இருந்தவர்கள் சிறிய படகுகளுக்கு ஏற்றபடி 108 அடி நீளம், 20 அடி அகலம் போதும் என்றார்கள். இனி வரப்போவது நீராவிக் கப்பலின் காலம், பெரிதாகக் கட்டவேண்டும் என்று ஜான் பை விடாமல் வாதாடினார். 1828இல் ஒரு குழு வந்து பார்த்து 134 அடி நீளம், 33 அடி அகலம் என்று முடிவு செய்தது. மெரிக்வில்லில் நீங்கள் நிற்கப்போவது அந்த அளவில் கட்டிய லாக்கின் விளிம்பில்.

இனி அந்தப் படகுக்கு வருவோம். ஒட்டாவா பக்கமிருந்து கிங்ஸ்டனை நோக்கி வரும் படகு மெரிக்வில்லில் மேலேற வேண்டும். ஒட்டாவாவிலிருந்தே எண்ணிக்கை தொடங்குவதால் இங்குள்ளவை 21, 22, 23. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஏழரை மீட்டர் ஏற்றம். நீங்கள் 21ஆம் எண் லாக்கிலிருந்து தொடங்குங்கள். அங்கே படகுத்துறையின் விளிம்பில் நீல வண்ணம் பூசியிருக்கும். நீலக் கோட்டருகே படகைக் கட்டினால், "நான் லாக்கில் ஏறக் காத்திருக்கிறேன்" என்று பொருள். ஊழியர்கள் அதைப் பார்த்துக் கீழ்வாசலைத் திறப்பார்கள்.

படகு உள்ளே நுழையும்போது இரண்டு பக்கமும் ஈரம் சொட்டும் கற்சுவர். மேலிருந்து பார்க்கும் உங்களுக்குப் படகில் இருப்பவரின் தலையுச்சி மட்டும் தெரியும். சுவரில் மேலிருந்து கீழாகக் கம்பிவடங்கள் தொங்கும். படகில் உள்ளவர் தன் கயிற்றை அந்த வடத்தைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொள்வார், முடிச்சுப் போடமாட்டார். நீர்மட்டம் மாறும்போது முடிச்சு போட்ட படகு சுவரோடு மாட்டிக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட வேண்டும், புகைபிடிக்கக்கூடாது. எல்லாம் அடங்கியதும் கீழ்வாசல் மூடும்.

அந்தக் கதவைக் கூர்ந்து பாருங்கள். இரண்டு மரக்கதவுகளும் ஒரே நேர்க்கோட்டில் மூடுவதில்லை. மேல்நீரை நோக்கிக் கூர்முனை வைத்ததுபோல, கோணமாகச் சேர்கின்றன. மேலே நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக இரண்டு கதவும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். தாழ்ப்பாள் எதுவும் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு இதை விளக்க இரண்டு உள்ளங்கைகளை விரல்நுனி சேர்த்துக் கோணமாக வைத்து, நுனிப்பக்கமிருந்து தள்ளச் சொல்லுங்கள். உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து ஊழியர்கள் மேல்வாசலுக்குப் போய் ஓர் இரும்புக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். கரகரவென்று பற்சக்கரம் ஓடும் ஓசை கேட்கும். மேல்வாசலின் இருபுறமும் கற்சுவருக்குள் சுரங்க வழி இருக்கிறது. அதன் அடைப்பு உயர்ந்ததும், மேல்நீர் அதன் வழியாகப் பாய்ந்து லாக்குக்குள் அடியிலிருந்து கொதித்துக்கொண்டு எழும். மோட்டாரோ பம்போ எதுவும் இல்லை. மேட்டு நீர் பள்ளத்துக்கு ஓடுகிறது, அவ்வளவே. இரண்டரை மீட்டர் ஏற்றத்துக்குச் சுமார் பத்து லட்சம் லிட்டர் நீர் வேண்டும். அத்தனையும் உள்ளே வரச் சில நிமிடங்கள் போதும். தலையுச்சி மட்டும் தெரிந்தவர் மெல்ல மெல்ல எழும்பி, உங்கள் காலடி மட்டத்துக்கு வந்து வணக்கம் சொல்வார். பெரும்பாலும் சொல்வார்கள். படகுக்காரர்களும் கரையில் நிற்பவர்களும் பேசிக்கொள்வது அங்கே பழக்கம்.

நீர்மட்டம் இரண்டு பக்கமும் சமமாகும் வரை மேல்வாசல் அசையாது. ஓர் அடி வித்தியாசம் இருந்தாலும் கதவின்மேல் டன் கணக்கில் பாரம் நிற்கும், எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராது. சமமானதும், பெரிய மரக்கதவு மனிதக் கைவிசைக்கு வழிவிடும். இந்த ஒரு கணத்துக்காகவே நான் உங்களை நிற்கச் சொல்கிறேன். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இதே சுவருக்குள், இதே முறையில், கையால் சுற்றித்தான் இது நடக்கிறது. மரக்கதவுகள் உளுத்துப்போகும்போது டக்ளஸ் ஃபர் மரத்தில் புதிதாகச் செய்து மாட்டுகிறார்கள். வேலை செய்யும் முறை மாறவே இல்லை. ரிடோ வழியில் நியூபரோ, பிளாக் ராப்பிட்ஸ், ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஆகிய மூன்று இடங்களில் மட்டுமே மின்சாரத்தால் இயங்கும் லாக்குகள் இருக்கின்றன. 2007இல் யுனெஸ்கோ இந்தக் கால்வாயை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டதற்கு, இன்னும் தொடர்ந்து இயங்கும் இந்தத் தன்மை ஒரு முக்கியமான காரணம்.

ஒரு லாக்குக்குக் கால்மணி முதல் இருபது நிமிடம் ஆகும். படகோடு சேர்ந்து கரையில் நடந்து மூன்றையும் பார்த்தால் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகச் செலவாகும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. படகு வைத்திருப்பவர்களுக்குத்தான் அனுமதிச் சீட்டு வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் எச்சரிக்கை: லாக்கின் விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது. நேராகக் கீழே கற்சுவர், அதன் அடியில் நீர். சிறியவர்களின் கையைப் பெரியவர் ஒருவர் பிடித்தே இருக்கவேண்டும். கதவின்மேல் இருக்கும் குறுகிய நடைபாதையில் ஊழியரைக் கேட்காமல் ஏறவேண்டாம்.

லாக்கின் கற்களையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். உளியால் கொத்திய தடங்கள் தெரியும் கற்கள் அவை. கதவின் அச்சுத்தூண் நிற்கும் இடத்தில் கல்லை உட்குழிவாக, அரைவட்டமாகச் செதுக்கியிருப்பார்கள். கதவின் தூண் அதில் பொருந்திச் சுழலவேண்டும், நீரும் கசியக்கூடாது. இயந்திரம் இல்லாத காலத்தில் கையால் செய்த நுட்பம் இது. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக் கல்தச்சர்கள். மண் வெட்டியவர்களும் பாறை உடைத்தவர்களும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த அயர்லாந்துக்காரர்களும் பிரெஞ்சுக் கனடியர்களும்.

அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இந்த வேலையில் இறந்துபோனார்கள். வெடிமருந்து விபத்தில் போனவர்கள் உண்டு. ஆனால் நோயில் இறந்தவர்களே மிக அதிகம், அதிலும் மலேரியா. குளிர்நாட்டில் மலேரியாவா என்று வியப்பாக இருக்கும். கோடையில், தேங்கிய நீரோரம், காட்டுக்குள் அடைந்து கிடந்த வேலையாட்களிடையே அது பரவியது. கொசுவால் வருகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்று என்று நம்பினார்கள். 1828 கோடையில் ஜான் பையே அந்தக் காய்ச்சலில் படுத்துவிட்டார். கொய்னா மருந்து விலை அதிகம், கூலிக்காரர்களுக்குக் கிட்டவில்லை. இந்த மனிதர்களில் பலருக்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. ஒட்டாவா லாக்குகளுக்கு அருகே அவர்கள் நினைவாகக் கெல்டிக் சிலுவை ஒன்று நிற்கிறது. ஒட்டாவாவில் தங்கும் நாட்களில் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் பக்கத்திலிருந்தும் இப்படிக் கடல்கடந்து தேயிலைக்கும் ரப்பருக்கும் ரயில்பாதைக்கும் உழைக்கப் போய்த் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். அதனாலோ என்னவோ, அந்தக் கல்லில் கை வைக்கும்போது எனக்குத் தளபதி ஜான் பையின் பெயரைவிட அவர்களே முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

தளபதியின் கதையும் நல்லபடி முடியவில்லை. முதலில் போட்ட மதிப்பீடு 1,69,000 பவுண்டு. முடிந்தபோது செலவு 8 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. லாக்கைப் பெரிதாக்கியது, காடு, பாறை, நோய் என்று காரணங்கள் இருந்தன. ஆனாலும் வேலை முடிந்த அதே 1832இல் அவரை லண்டனுக்குத் திருப்பி அழைத்து விசாரணை வைத்தார்கள். முறைகேடு எதுவும் நிரூபணம் ஆகவில்லை, பாராட்டும் கிடைக்கவில்லை. 1836இல் இறந்துவிட்டார். அவர் பெயரால் பைடவுன் என்று வழங்கிய ஊர்தான் 1855இல் ஒட்டாவா ஆனது.

லாக்கை விட்டு ஊருக்குள் திரும்பினால், அருகிலேயே நிற்பது பிளாக்ஹவுஸ் என்ற சிறுகோட்டை. கீழ்த்தளம் தடித்த கற்சுவர். மேல்தளம் மரம், சுவரைவிடச் சற்று வெளியே துருத்தி நிற்கும். சுவரை ஒட்டி வந்துவிட்ட பகைவனை மேல்தளத்தின் தரையிலுள்ள திறப்பு வழியாகச் சுடுவதற்கான அமைப்பு அது. ரிடோ வழியில் கட்டிய நான்கு பிளாக்ஹவுஸ்களில் இதுவே பெரியது, ஐம்பது வீரர்கள் தங்கக்கூடியது. எதிர்பார்த்த போர் வரவே இல்லை. கோட்டையில் லாக் மாஸ்டரின், அதாவது லாக்கை இயக்கும் பொறுப்பாளரின், குடும்பம் குடியிருந்தது. இப்போது உள்ளூர் வரலாற்றுச் சங்கம் நடத்தும் சிறிய அருங்காட்சியகம். கோடையில் மட்டுமே திறந்திருக்கும், நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். மேலே ஏறுவது பெற்றோருக்குச் சிரமமாக இருந்தால் வெளியிலிருந்து துருத்தும் மேல்தளத்தைப் பார்த்தாலே போதும்.

கால்வாய்க்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. அமெரிக்கப் புரட்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் முடியாட்சிக்கு விசுவாசமாக வடக்கே வந்தவர்களில் வில்லியம் மெரிக் ஒருவர். 1790களில் இந்த வீழ்ச்சியில் அணை போட்டு ஆலை வைத்தார். அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது. பிறகு மாவு, கம்பளி, வார்ப்பிரும்பு என்று தொழில்கள் பெருகின. அணைக்குப் பக்கத்தில் இடிந்த கற்சுவர்களாக நிற்பவை அந்த ஆலைகளின் மிச்சம். அங்கே நின்று, ஒரு பக்கம் ஆலையை ஓட்டிய நீர்வீழ்ச்சியும் மறுபக்கம் அதைத் தவிர்த்து ஏறும் லாக்கும் ஒரே பார்வையில் தெரியும்படி இடம் பார்த்துக்கொள்ளுங்கள். காலப்போக்கில் பக்கத்து ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ரயில் சந்திப்பாக வளர்ந்தது, மெரிக்வில் சிறிய ஊராகவே நின்றுவிட்டது. அதனால்தான் இந்தக் கல்வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் அவசரம் யாருக்கும் வரவில்லை. கடைத்தெருவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மண்பாண்டம், கண்ணாடி வேலை, ஓவியம் விற்கும் கடைகள், காபிக் கடைகள். ஒரு மணி நேரம் போதும்.

ஸ்மித்ஸ் ஃபால்ஸ் சுமார் 20 கிலோமீட்டர். பிற்பகலில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே ஒரு காரணத்துக்காக மட்டும். அங்கே பழைய மூன்று லாக்குகளுக்குப் பதிலாக 1970களில் மின்சாரத்தால் இயங்கும் ஒரே பெரிய லாக் கட்டினார்கள். பழைய மூன்றும் பக்கத்திலேயே ஓய்வாகக் கிடக்கின்றன. காலையில் கையால் சுற்றியதைப் பார்த்த கண்ணுக்கு, பிற்பகலில் இதைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே ரயில்பாலம் ஒன்றும் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டிக் கட்டியது. படகுக்கு வழிவிடத் தூக்கிய நிலையிலேயே இன்று நிரந்தரமாக நிற்கிறது. ரயில் பிடித்த பிள்ளை இருந்தால் அருகில் ரயில் அருங்காட்சியகமும் உள்ளது. கிங்ஸ்டன் பக்கத்து ஜோன்ஸ் ஃபால்ஸின் வளைவணையையும் அதே நாளில் பார்க்கலாமா என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது தனி நாளுக்கு உரிய இடம். இந்தப் பயணத்தில் திணித்தால் எல்லோரும் காரிலேயே களைத்துவிடுவார்கள்.

எப்போது போவது? படகுப் போக்குவரத்து மே நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிந்துவிடும். மற்ற மாதங்களில் லாக்குகள் ஓடாது. ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் படகுகள் அதிகம். கூட்டமும் இருக்கும், ஆனால் உங்களுக்குத் தேவை படகு, அதனால் அந்த நாட்களையே தேர்ந்தெடுங்கள். இலைகள் நிறம் மாறும் காலம் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் படகு குறைவு, லாக் இயங்கும் நேரமும் குறைவு. கால்வாயை நடத்தும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடா அந்தந்த ஆண்டின் நேரங்களை வெளியிடுகிறது, முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

ஒட்டாவாவிலிருந்து 416 நெடுஞ்சாலையில் தெற்கே போய், கெம்ப்ட்வில் அருகே 43ஆம் சாலையில் மேற்கே திரும்பினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். கார் இல்லாமல் போவது கடினம். பத்து மணிக்கு லாக்கருகே இருப்பதுபோல் கிளம்புங்கள். லாக் நிலையத்தில் புல்வெளியும் மேசைகளும் கழிவறையும் உண்டு. வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் பெற்றோரை அங்கேயே நிழலில் உட்காரவைத்து, அவர்கள் முன்னாலேயே படகுகள் ஏறி இறங்குவதைப் பார்க்கவைக்கலாம். மாலையில் கொசு கடிக்கும், பூசுமருந்து எடுத்துச் செல்லுங்கள்.

படகு எதுவுமே வராவிட்டால் என்ன செய்வது? ஊழியரிடம் போய்க் கேளுங்கள். அடுத்த நிலையத்திலிருந்து படகு கிளம்பியிருந்தால் அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும், எத்தனை மணிக்கு வரும் என்று உத்தேசமாகச் சொல்வார்கள். அதுவரை கோட்டையையும் ஆலை இடிபாட்டையும் முடித்துக்கொள்ளலாம். திரும்பும்போது ஸ்மித்ஸ் ஃபால்ஸ் வேண்டாம் என்று தோன்றினால், ஒட்டாவா திசையில் பரிட்ஸ் ராப்பிட்ஸ் என்ற சிற்றூரில் 17ஆம் எண் லாக் இருக்கிறது. ஒரே லாக், பக்கவாட்டில் திரும்பும் பாலம், கரையோர நடைபாதை. கூட்டம் இருக்காது. காலையில் தவறவிட்ட படகை அங்கே பிடித்துவிட வாய்ப்பு உண்டு, ஏனென்றால் இறங்கிப் போகும் படகுகளும் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.